பாட்டிலில் அடைத்த பிறகும் நொதித்த பீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரம். அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இருவர் ஒரே கராஜைப் பகிர்ந்துகொண்டு சில ஆண்டுகளாகப் பீர் காய்ச்சி வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், மற்றவர் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியை. நானும் அதே ஊரில் இந்த வேலையில் ஈடுபாடு உள்ளவன். அவர்கள் கராஜில் ஒரு பாட்டில் வெடித்த பிறகு, குறிப்பேட்டைப் படித்துப் பார்க்கும்படி என்னை அழைத்தார்கள். இருவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1880 முதல் உரிமம் தேவைப்பட்டது. 1963ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். அன்றிலிருந்து, விற்காதவரை எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். தமிழ்நாட்டு நிலைமை வேறு. அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எனவே அங்கிருக்கும் வாசகர்கள் இதைச் செய்முறையாகக் கொள்ள வேண்டாம்.

அவர்களின் முறை எளிமையானது. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய பிறகு சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவுவார்கள். இரண்டு வாரத்தில் நொதித்தல் அடங்கும். வாளியின் அடியில் பொருத்திய குழாயில் ஒரு நிரப்புக்குச்சியை (அடியில் வால்வு உள்ள நீண்ட குழல்) மாட்டி, அரை லிட்டர் பாட்டில்களில் நேரடியாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் 3 கிராம் சர்க்கரை போட்டு மூடி அடிப்பார்கள். அந்தச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்துத்தான் பீருக்கு நுரை வருகிறது.

வாளிகள் இரண்டு. வெவ்வேறு சமயங்களில் வாங்கியவை, அளவிலும் வடிவத்திலும் ஒன்றுபோலவே இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனி நிரப்புக்குச்சி. வேலை முடிந்ததும் அந்தந்த வாளிக்குள்ளேயே குச்சியைப் போட்டு மூடி வைப்பார்கள்.

குறிப்பேட்டை மெக்கானிக் எழுதினார். ஹாப்ஸ் எந்த நிமிடம் போட்டார், எத்தனை கிராம், ஊறல் வெப்பம் எவ்வளவு இறங்கியது, தினசரி வெப்பநிலை என்ன என்று எல்லாம் அதில் உண்டு. கழுவியது பற்றி ஒரு வரி இல்லை. எந்த வாளி என்பதும் இல்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை, வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் குறிப்பேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சமையல் பகுதி சுவாரசியமானது, பாத்திரம் கழுவுவது அப்படியல்ல.

முதல் அறிகுறியும் தவறான விளக்கமும்

16ஆம் ஈடு, அதாவது பதினாறாம் முறை காய்ச்சியது, பிட்டர் என்ற சாதாரண ஆங்கில பீர். அக்டோபர் கடைசியில் பாட்டிலில் அடைத்தார்கள். மூன்றாம் வாரம் குடித்தபோது நன்றாக இருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் ஒரு பாட்டிலைத் திறந்ததும் பாதிக்கு மேல் நுரையாகப் பொங்கி மேசையில் வழிந்தது. அடுத்தடுத்துத் திறந்தவையும் அப்படியே.

சர்க்கரை அளவில்தான் பிழை என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதுவரை சிறு கரண்டியால்தான் அளந்து வந்தார்கள் என்பதால் அந்த ஊகம் நியாயமானதாகவே தோன்றியது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு வாங்கினார்கள். ஜனவரி இறுதியில் அடைத்த 17ஆம் ஈட்டுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியே நிறுத்துப் போட்டார்கள். ஏப்ரல் வரை அது சீராக இருந்தது. குறிப்பேட்டில் ‘தராசு தீர்த்தது’ என்று ஒரு வரி இருக்கிறது.

தராசு எதையும் தீர்க்கவில்லை. 17ஆம் ஈடு மற்ற வாளியில் நொதித்தது, அவ்வளவுதான். இந்தத் தற்செயல் அவர்களை ஆறு மாதம் திசைதிருப்பியது.

ஜூலை: வெடித்த பாட்டில்

18ஆம் ஈடு ஸ்டவுட் என்ற கரும்பீர், மார்ச்சில் அடைத்தது. ஜூலை முதல் வாரம் வெயில் ஏறியதும் கராஜிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. அப்போது உள்ளே யாரும் இல்லை. கண்ணாடித் துண்டுகள் எதிர்ச்சுவர் வரை சிதறிக் கிடந்தன.

காரணத்தைத் தேடும் முன் ஆபத்தை நீக்குவது என்று ஆசிரியை முடிவு செய்தார். பள்ளி ஆய்வகத்துப் பழக்கம் அது, சரியான முடிவும் கூட. பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணிந்துகொண்டார்கள். பெட்டிகளைப் போர்வையால் மூடி, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளுக்குள் இறக்கினார்கள். குளிர்ந்தால் வாயு பீரில் கூடுதலாகக் கரையும், பாட்டிலின் அழுத்தம் குறையும். அதனால் கராஜின் பழைய குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்த பிறகே, மூடியின் மேல் துணி போர்த்தித் திறந்தார்கள்.

வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடி அடித்துக் காப்பாற்றலாம் என்பது மெக்கானிக்கின் யோசனை. ஆசிரியை ஒப்பவில்லை. அழுத்தம் ஏன் ஏறியது என்று தெரியாதவரை அது மீண்டும் ஏறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 18ஆம் ஈட்டில் ஆய்வுக்கு ஆறு பாட்டில்கள் போக மீதி சாக்கடைக்குப் போனது.

அடர்த்தி சொன்னது

என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில். நான் கேட்ட முதல் கேள்வி, பொங்கும் பீரின் ஒப்படர்த்தியை (நீரை 1.000 என்று கொண்ட அடர்த்தி, சர்க்கரை நொதிக்க நொதிக்கக் குறையும்) யாராவது அளந்தார்களா என்பது. அளக்கவில்லை. அன்று மாலையே பீரை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குப் பலமுறை ஊற்றி, வாயு முழுவதும் போன பிறகு, 20 டிகிரியில், அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டோம்.

16ஆம் ஈடு 1.042இல் தொடங்கி, அடைத்தபோது 1.010 காட்டியிருந்தது. இப்போது 1.003. ஸ்டவுட் 1.052இல் தொடங்கி 1.014இல் அடைக்கப்பட்டது. இப்போது 1.005.

சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டிருந்தால் வாயு கூடும், ஆனால் அடர்த்தி அடைத்த நிலையிலிருந்து இவ்வளவு கீழே இறங்காது. சேர்த்த சர்க்கரை முழுவதும் நொதித்துப் போய்விடும், பீரில் முன்பே எஞ்சியிருந்த பொருள் அப்படியே இருக்கும். இங்கே குறைந்திருப்பது அந்த எஞ்சிய பொருள், அதாவது சாதாரண ஈஸ்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். 1.010 வரை வந்தபோது சாற்றிலிருந்த பொருளில் 76 விழுக்காடு நொதித்திருந்தது. அவர்கள் வழக்கமாகப் போடும் ஆங்கில ஏல் வகை பீரின் ஈஸ்டுக்கு அது இயல்பு. 1.003 என்றால் 93 விழுக்காடு. அந்த ஈஸ்ட் அவ்வளவு தூரம் போகாது.

அடர்த்தியில் 0.001 குறைந்தால் ஒரு லிட்டர் பீருக்குச் சுமார் அரை லிட்டர் கரியமில வாயு உண்டாகும். அவர்கள் போட்ட 3 கிராம் சர்க்கரையோடு பீரில் முன்பே கரைந்திருந்த வாயுவையும் சேர்த்தால் லிட்டருக்கு 2.3 லிட்டர் வரும். ஸ்டவுட்டில் அதற்கு மேல் இன்னும் நாலரை லிட்டர் சேர்ந்திருக்கிறது. சாதாரண பீர் பாட்டிலில் 3 லிட்டருக்கு மேல் போகவிடக் கூடாது. ஒரே ஒரு பாட்டில்தான் வெடித்தது என்பதே நல்வாய்ப்பு.

பீர் புளிக்கவில்லை, ஆகவே பாக்டீரியா மீதான சந்தேகம் குறைந்தது. உடல் மெலிந்து, வறண்ட சுவையோடு, கடைசியில் லேசான கிராம்பு வாசம் வீசியது. அவர்களின் ஆங்கில ஏல் ஈஸ்டில் கிராம்பு வராது. டெக்ஸ்ட்ரினைத் தின்று கிராம்பு வாசம் விடும் ஈஸ்ட் என்றதும் எங்கள் மூவருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. முந்தைய கோடையில் அவர்கள் காய்ச்சிய 14ஆம் ஈடு, பெல்ஜிய வகை செசான்.

செசானுக்கு விற்கப்படும் ஈஸ்டுகளில் பல, சாக்கரோமைசஸ் செரிவிசியே இனத்தின் டயஸ்டேட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்டிஏ1 என்ற மரபணுவின் துணையால் அவை குளுக்கோஅமிலேஸ் நொதியைச் சுரந்து, டெக்ஸ்ட்ரினை வெட்டிச் சர்க்கரையாக்கித் தின்கின்றன. செசானில் அதுதான் நாம் விரும்பும் குணம். வேறு பீருக்குள் சில செல்கள் நுழைந்தாலும், வாரக்கணக்கில் மெதுவாக அதே வேலையைத் தொடரும்.

குறிப்பேட்டில் எழுதாத வாளி

செசான் எந்த வாளியில் இருந்தது? இருவருக்கும் நினைவில்லை. 15 முதல் 20 வரை எது எந்த வாளியில் நொதித்தது என்பதும் தெரியவில்லை. பொங்கியவை எவை என்பது மட்டும் தெரியும்.

விடை வெப்பநிலைப் பத்தியில் இருந்தது. 15ஆம் ஈட்டில் 19.4, 19.1, 19.6 என்று தசமங்கள். 16ஆம் ஈட்டில் 18, 20, 20. 17இல் மறுபடி தசமங்கள். 18, 19 இரண்டிலும் இரட்டைப்படை முழு எண்கள் மட்டும். எழுதுபவர் ஒருவரே, இடையில் பழக்கம் மாற வேண்டிய காரணம் ஏதும் இல்லை. கராஜில் போய்ப் பார்த்தோம். பழைய வாளியின் மூடியில் துளையிட்டு டிஜிட்டல் வெப்பமானியின் முனையைச் செருகியிருந்தார்கள். புதிய வாளியின் பக்கத்தில் ஒட்டியிருந்தது நிறம் மாறும் பட்டை. அது இரண்டிரண்டு டிகிரியாகத்தான் காட்டும்.

செசானின் பக்கத்தைப் புரட்டினோம். 24, 26, 26.

16, 18, 19 மூன்றும் செசான் நொதித்த அதே வாளி. 15, 17 இரண்டும் மற்றது. மெக்கானிக் எழுத மறந்ததை அவரது அளவுமானி எழுதி வைத்திருந்தது. ஆனால் இப்படி ஒரு தடயம் கிடைத்தது தற்செயல். இரண்டு வாளிக்கும் ஒரே வகை வெப்பமானி இருந்திருந்தால் இந்த ஆய்வு இங்கேயே நின்றிருக்கும்.

20ஆம் ஈடு கணக்கில் பொருந்தவில்லை. அதில் தசமங்கள் இருந்தன, அதாவது நல்ல வாளி. ஆனால் ஜூன் நடுவில் 1.011இல் அடைத்தது, ஐந்து வாரத்தில் 1.009க்கு இறங்கியிருந்தது. அடைத்த நாளின் ஓரக் குறிப்பில் காரணம் கிடைத்தது: ‘குச்சியின் ஸ்பிரிங் உடைந்தது. மற்றதை எடுத்தோம்.’

இந்த ஒரு வரி சந்தேகத்தை வாளியிலிருந்து குழாய்க்கும் குச்சிக்கும் நகர்த்தியது. யோசித்தால் அதுவே பொருத்தம். வாளியின் சுவரில் அந்த ஈஸ்ட் நிறைய ஒட்டியிருந்தால், நொதிக்கும் இரண்டு வாரத்திலேயே அடர்த்தி வழக்கத்தைவிடக் கீழே போயிருக்க வேண்டும். அடைக்கும்போது எண்கள் எல்லாம் இயல்பாகவே இருந்தன. ஆகவே பீர் கெட்டது வாளியை விட்டு வெளியேறும் வழியில்.

குழாயைப் பிரித்தபோது

அவர்களின் கழுவும் முறையை அலட்சியம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் வாளியை ஊறவைத்தார்கள். குழாயைத் திறந்து அந்த நீரை ஓடவிட்டார்கள். காய்ச்சும் நாளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த, அலச வேண்டாத கிருமிநீக்கியைத் தெளித்தார்கள். குழாயை மட்டும் பிரித்ததே இல்லை.

இவ்வகைப் பிளாஸ்டிக் குழாயில் வெளிக்கூட்டுக்குள் ஓர் உருளை சுழலும். சுடுநீரில் சில நிமிடம் வைத்து, பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் உருளை கழன்று வரும். பிரிக்க முடியும் என்பதே இருவருக்கும் தெரியாது. உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம். வாளிச் சுவரை ஒட்டிய ரப்பர் வாஷரின் பின்புறம் அதைவிடத் தடிப்பாக இருந்தது. நிரப்புக்குச்சியின் அடி வால்விலும் கொஞ்சம்.

கிருமிநீக்கி தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். குழாயைத் திறந்து ஓடவிட்டால் அது நடுத்துளை வழியே போய்விடுகிறது, உருளையின் புறப்பரப்பைத் தொடுவதில்லை. தொட்டாலும் அழுக்குப் படலத்துக்கு அடியில் இருப்பவை தப்பிக்கும். இந்தப் பகுதியின் கடின நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவு அப்படலத்துக்குப் பிடிமானமும் தருகிறது. எஞ்சினைத் திறக்காமல் ‘சரிபார்த்தேன்’ என்று வேலை நாட்களில் ஒருபோதும் கையெழுத்திட்டதில்லை என்று சொல்லும் மெக்கானிக், அந்த வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்று ஜாடிகள்

படலம் இருந்தது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஆசிரியை ஒரு சோதனையை வகுத்தார். எஞ்சியிருந்த 17ஆம் ஈட்டுப் பீரைக் கொதிக்கவைத்து மதுச்சாரத்தை ஓட்டி, குறைந்த அளவுக்கு நீர் சேர்த்தார். அடர்த்தி 1.010இலிருந்து 1.016 ஆனது, மதுச்சாரம் போனால் அப்படித்தான் ஏறும். அதில் டெக்ஸ்ட்ரின் இருக்கிறது, எளிய சர்க்கரை ஏறக்குறைய இல்லை. சிறிது ஈஸ்ட் ஊட்டச்சத்துச் சேர்த்து, கொதிநீரில் வைத்தெடுத்த மூன்று ஜாடிகளில் ஊற்றினார். முதல் ஜாடியில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் வழக்கமான ஏல் ஈஸ்ட். மூன்றாவதில் வாஷரிலிருந்து சுரண்டிய படலம்.

இரண்டாம் ஜாடி தேவையா என்று நான் கேட்டேன். அது இல்லாவிட்டால், மூன்றாவதில் நடப்பது எந்த ஈஸ்டாலும் நடந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம் என்றார்.

25 டிகிரியில் மூன்று வாரம் வைத்தோம். முதலாவது 1.016இலேயே நின்றது. இரண்டாவது 1.015. மூன்றாவது 1.007, கிராம்பு வாசத்தோடு.

படலத்தில் டெக்ஸ்ட்ரினைத் தின்னும் ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது என்பது இதனால் உறுதி. அது டயஸ்டேட்டிகஸ்தான் என்பது உறுதியல்ல. பிசிஆர் சோதனை செய்தால் எஸ்டிஏ1 இருக்கிறதா என்று தெரிந்திருக்கும், அதற்கு யாரும் பணம் செலவிடத் தயாராக இல்லை. பிரெட்டனோமைசஸ் போன்ற காட்டு ஈஸ்டும் டெக்ஸ்ட்ரினை உண்ணும். செசானுக்குப் பிறகு தொடங்கியது, ஒரே வாளியைப் பின்தொடர்ந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் செசான் ஈஸ்டைக் குற்றவாளியாகக் கொள்கிறோம்.

எடுத்த முடிவுகள்

இரண்டு குழாய்கள், இரண்டு குச்சிகள், எல்லா ரப்பர் வாஷர்களும் குப்பைக்குப் போயின. புதியவை வாங்க ஆகும் செலவு ஓர் ஈட்டு மால்ட்டின் விலையைவிடக் குறைவு. செசான் நொதித்த வாளி பற்றித்தான் விவாதம். சுவரில் கறை இல்லை, வைத்துக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். ஆனால் உட்புறத்தைப் பச்சை நிறத் தேய்ப்பு நாரால் தேய்த்த கீறல்கள் வெளிச்சத்தில் தெரிந்தன. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதன் அடிவரை எந்தக் கரைசலும் ஒழுங்காகப் போகாது. வாளி இப்போது தோட்டத்தில் இலைச்சருகு சுமக்கிறது. பொங்கிய ஈடுகளின் பாட்டில்கள் கண்ணாடி மறுசுழற்சிக்குப் போயின. கழுவியிருக்கலாம், ஆனால் அவ்வளவு அழுத்தம் தாங்கிய கண்ணாடியை மீண்டும் நம்ப ஆசிரியைக்கு விருப்பமில்லை.

20ஆம் ஈட்டைக் கொட்டவில்லை. அழுத்தம் இன்னும் பாதுகாப்பான எல்லைக்கு அருகிலேயே இருந்ததால், முழுவதையும் குளிர்பெட்டியில் அடுக்கி, நான்கு வாரத்துக்குள் குடித்து முடித்தார்கள். நானாக இருந்தால் கொட்டியிருப்பேன்.

கழுவும் முறையில் மூன்று மாற்றங்கள். பீர் காலியானதும் அதே மணி நேரத்தில் குழாயைப் பிரித்து, 55 டிகிரி பெர்கார்பனேட் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மென்துணியால் துடைப்பது. மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குவது. எல்லாவற்றையும் பிரித்த நிலையிலேயே உலரவைத்து எடுத்து வைப்பது. கிருமிநீக்கியை லிட்டருக்கு 1.5 மில்லி வீதம் கலந்து, பிஎச் தாளில் 3க்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துகிறார்கள். கராஜில் இருந்த குளோரின் பிளீச்சை அப்புறப்படுத்தினார்கள். அமிலத்தோடு தற்செயலாகக் கலந்தால் நச்சுவாயு வரும்.

குறிப்பேட்டுக்கு ஆசிரியை ஓர் அச்சிட்ட படிவம் தயாரித்தார். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். இரண்டாம் ஈட்டிலேயே பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் ஈரக்கையோடு யாரும் முப்பது கட்டம் நிரப்ப மாட்டார்கள். பதினொன்றாகக் குறைத்தார்கள். அவற்றில் புதியவை: வாளி எண், குழாய் எண், குச்சி எண், குழாயைக் கடைசியாகப் பிரித்த தேதி, கழுவியவர், மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு இறுதி அடர்த்திகள், அடைத்த பிறகு 3, 6, 10ஆம் வாரங்களில் திறந்த ஒரு பாட்டிலின் அடர்த்தி. எண்களை வாளியிலும் குழாயிலும் அழியாத மையால் எழுதினார்கள்.

பின்னர் நடந்தது

21, 22 இரண்டும் பத்தாம் வாரத்தில் அடைத்த அன்றைய அடர்த்தியையே காட்டின. 23ஆம் ஈட்டில் பத்தாம் வாரம் 0.001 குறைந்திருந்தது. மெக்கானிக் உடனே அந்த ஈட்டை ஒதுக்கி வைத்தார். ஆசிரியை ஹைட்ரோமீட்டரைச் சந்தேகித்து, 20 டிகிரி காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டார். 1.000 காட்ட வேண்டியது 1.002 காட்டியது. கருவி முன்பிருந்தே இரண்டு புள்ளி கூடுதலாகக் காட்டி வந்திருக்கலாம். அப்படியென்றால் மேலே நான் தந்த அடர்த்திகள் எல்லாம் அந்த அளவு கூடுதல், விழுக்காடுகளும் சற்று மாறும். அடைத்த நாளுக்கும் பொங்கிய நாளுக்கும் இடையிலான வீழ்ச்சி மாறாது, முடிவும் மாறாது. 23ஆம் ஈட்டின் அந்த ஒரு புள்ளி வெப்பநிலை வேறுபாட்டால் வந்தது. 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்ததும் மறைந்தது. பதினான்காம் வாரத்திலும் பொங்கவில்லை.

மாற்ற வேண்டியவை

ஜனவரியில் முதல் பாட்டில் பொங்கியபோதே வாயு நீக்கி அடர்த்தியை அளந்திருந்தால் சர்க்கரை என்ற விளக்கம் அன்றே விழுந்திருக்கும். 18, 19 இரண்டும் அந்த வாளிக்குப் போயிருக்காது. பத்து நிமிட வேலை அது. காய்ச்சுபவர்கள் எல்லோரிடமும் ஹைட்ரோமீட்டர் இருக்கிறது, மூடி அடித்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை.

செசானுக்குத் தனி வாளி, குழாய், குச்சி ஆகியவற்றை ஒதுக்கி, சிவப்பு நாடா சுற்றி, கராஜுக்கு வெளியே வைப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தனிக் கருவிகளுக்கு இடமில்லாதவர்களுக்கு, பாக்கெட்டில் டயஸ்டேட்டிகஸ் என்று குறிப்பிட்ட ஈஸ்டைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. சில தயாரிப்பாளர்கள் இப்போது அதைத் தெளிவாகவே அச்சிடுகிறார்கள்.

படிவத்தில் இன்னும் தீராத சச்சரவு ஒன்று இருக்கிறது. ‘கழுவியவர்’ என்ற கட்டம் பழியைச் சுமத்தவே உதவும் என்று மெக்கானிக் கருதுகிறார். யாரிடம் கேட்பது என்று தெரிய அது வேண்டும் என்பது ஆசிரியையின் வாதம். அந்தக் கட்டம் இப்போதைக்கு ஓர் ஈட்டுக்கு நிரம்பியும் அடுத்த ஈட்டுக்கு வெறுமையாகவும் இருந்து வருகிறது.